ஓஜி எடுக்கலாமா? மகப்பேறு, மகளிர் நல மருத்துவத்துக்கு வர நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீட் பிஜி (முதுநிலை மருத்துவ நுழைவுத் தேர்வு) ராங்க் வந்து, கவுன்சலிங் லிஸ்ட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஜூனியர்கள் கேட்கிற கேள்வி இது. அந்த நேரத்தில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். வீட்டில் அம்மா "லேடி டாக்டர்னா ஓஜிதான்" என்பார். தோழி "தூக்கமே இருக்காது, ரேடியாலஜி எடு" என்பாள். ராங்க் எதைக் கொடுக்கிறதோ அதை எடுத்துவிட்டு, அப்புறம் மூன்று வருஷம் அதற்கு நியாயம் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அதனால் இந்தக் கட்டுரை ஹவுஸ் சர்ஜன்சியிலிருந்தே தொடங்குகிறது. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பவர்களை மனதில் வைத்து எழுதியது.

முதல் படி: ஹவுஸ் சர்ஜன்சியில் ஓஜியைச் சோதித்துப் பாருங்கள்

இன்டர்ன்ஷிப்பில் ஓஜிக்கு, குடும்ப நலத்தையும் சேர்த்து, 7 வாரம் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி ரத்தம் எடுப்பதிலும், சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதிலும் போய்விடும். அதை வைத்து ஓஜியை எடை போடாதீர்கள். எந்தத் துறைக்குப் போனாலும் ஹவுஸ் சர்ஜன் பிழைப்பு அப்படித்தான்.

அட்மிஷன் டே அன்று ஒரே ஒரு தாயைத் தேர்ந்தெடுங்கள். அவர் லேபர் வார்டுக்குள் வந்ததிலிருந்து பிரசவம் முடிந்து பிஎன் (பிரசவத்துக்குப் பிந்தைய) வார்டுக்குப் போகிற வரை கூடவே இருங்கள். சீனியர் உள்பரிசோதனை செய்து சொல்வதைக் கேட்டு பார்டோகிராமை (பிரசவ முன்னேற்ற வரைபடம்) நீங்களே வரையுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 லேபர் கேர் கைடு, கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் பிரசவத்தின் தீவிரக் கட்டம் தொடங்குகிறது என்று கணக்கிடுகிறது. நம் பாடப்புத்தகங்கள் பலவற்றில் இன்னும் 4 செ.மீ. என்றுதான் இருக்கும். அந்த ஒரு சென்டிமீட்டரால் எத்தனை செக்‌ஷன் (சிசேரியன்) முடிவுகள் மாறும் என்று யோசித்துக்கொண்டே கிராஃபைப் பாருங்கள். குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசின் தசையில் போடுவது, நஞ்சுக்கொடி முழுதாக வந்துவிட்டதா என்று தட்டில் விரித்துப் பார்ப்பது, கர்ப்பப்பை இறுகியிருக்கிறதா என்று வயிற்றில் கைவைத்துப் பார்ப்பது, இவற்றை எல்லாம் நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள்.

இன்னொன்று. சீஃபைப் பார்த்து மயங்கித் துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். சீஃப் காலை 8 மணிக்கு இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருவார். இரண்டாம் வருஷ பிஜி யாரையாவது பாருங்கள். உங்களுடைய அடுத்த சில வருஷம் அவருடைய முகம்தான். ராத்திரி முழுக்க நின்றுவிட்டு மறுநாள் கைனிக் (மகளிர் நோய்) ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும்போது, கர்ப்பப்பை இறங்கியதை இவ்வளவு காலம் யாரிடமும் சொல்லாமல் மறைத்து வைத்திருந்த ஒரு அம்மா மெதுவாக ஆரம்பிக்கிறார் என்றால், அவர் பேசி முடிக்கிற வரை உங்களால் காத்திருக்க முடியுமா? ஓஜிக்கு வேண்டியதில் பெரும்பங்கு அந்தப் பொறுமைதான். கத்தி பிடிக்கிற கையைப் பயிற்சி கொடுத்துவிடும்.

பேச்சு என்றதும் ஒரு நடைமுறை விஷயம். 'எல்எம்பி' (கடைசி மாதவிடாய்) எப்போது என்று கேட்டால் எல்லோரும் தேதி சொல்ல மாட்டார்கள். "ஆடிப்பெருக்குக்கு நாலு நாள் முன்னாடி தலைக்குக் குளிச்சேன்" என்பார்கள். அதைத் தேதியாக மாற்றத் தெரிய வேண்டும். கையில் ஒரு தமிழ்க் காலண்டர் இருந்தால் நல்லது. "நாள் தள்ளிப்போச்சு", "வெள்ளை படுது", "தும்மினா ஒண்ணுக்கு வந்துடுது" இதெல்லாம் கூடவே வந்திருக்கும் மாமியார் முன்னால் வெளிவராது. அவரை இரண்டு நிமிஷம் வெளியே உட்காரச் சொல்வது எப்படி என்று வார்டு சிஸ்டர்களிடம் கற்றுக்கொள்ளுங்கள். அவர்களைவிட அதை நாசூக்காகச் செய்பவர்கள் கிடையாது.

ஆண் மாணவர்களும் தயங்கித் தயங்கிக் கேட்பதுண்டு. எடுக்கலாம். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்த ஏ. லட்சுமணசாமி முதலியார் ஓஜி மருத்துவர்தான். பரிசோதனையின்போது பெண் செவிலியர் ஒருவர் கட்டாயம் உடன் இருக்க வேண்டும். இதைப் பெண் மருத்துவர்களும் கடைப்பிடிப்பது நல்லது. ஆனால் சிறு ஊரில் புதிதாக போர்டு மாட்டினால், முதல் சில வருஷம் ஓ.பி. மெதுவாகத்தான் நகரும் என்பதை மறைக்க வேண்டியதில்லை. புற்றுநோய் அறுவை சிகிச்சை, லேப்ராஸ்கோபி, குழந்தையின்மை சிகிச்சை போன்றவற்றில் அந்தத் தயக்கம் நோயாளிகளிடம் குறைவு.

இரண்டாம் படி: எந்த வழியாக உள்ளே வருவது

பெரும்பாலானோர் வருவது எம்.எஸ். ஓஜி வழியாக. மூன்று வருஷம், நீட் பிஜி மூலம். 200 கேள்வி, 800 மார்க், தப்புக்கு ஒரு மார்க் போகும். அரசுக் கல்லூரி இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகும். மீதியை கீழ்ப்பாக்கத்தில் உள்ள தேர்வுக் குழு நிரப்புகிறது. அந்த மாநில இடங்களில் பாதி, அரசுப் பணியில் ஏற்கெனவே இருக்கும் மருத்துவர்களுக்கு. இந்த இன்சர்வீஸ் ஒதுக்கீட்டைக் கொடுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எனவே, முதலில் எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ந்து, சில வருஷம் வேலை பார்த்துவிட்டு பிஜி சேர்வது தமிழ்நாட்டில் நன்றாகத் தேய்ந்த பாதை. ஓஜிக்கு அது இரட்டிப்பு லாபம். பிஎச்சியில் ஏஎன் (கர்ப்பகால) செக்கப் பார்த்துப் பார்த்து, எந்தக் கர்ப்பிணியை எப்போது மேலே அனுப்ப வேண்டும் என்கிற கண் வந்துவிடும். நேராக மெடிக்கல் காலேஜில் சேர்ந்தவருக்கு அது வர நாளாகும்.

ஜிப்மர், எய்ம்ஸ் வேண்டுமென்றால் ஐஎன்ஐ-சிஇடி தனித் தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை. டிஎன்பி என்பது தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் முதுநிலைப் படிப்பு. அதற்கும் நீட் பிஜி ராங்க்தான், அதுவும் மூன்று வருஷம். பழைய டிஜிஓ டிப்ளமோ இடங்கள் பெரும்பாலும் எம்.எஸ். இடங்களாக மாற்றப்பட்டுவிட்டன. அதே தேசிய வாரியம் இரண்டு வருஷ டிப்ளமோ ஒன்றைத் தனியாக நடத்துகிறது. அதை முடித்தவர்கள் மேலும் இரண்டு வருஷம் படித்து டிஎன்பி வாங்கலாம். இரண்டையும் சேர்த்தால் நான்கு வருஷம் ஆகிறது. மூன்று வருஷ இடம் கிடைக்கிற ராங்க் இருந்தால் நேராக அதற்கே போங்கள்.

மாநில ஒதுக்கீட்டில் சேர்ந்தால் பாண்ட் உண்டு. படிப்பு முடிந்ததும் அரசு மருத்துவமனையில் குறிப்பிட்ட காலம் வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெரிய தொகை கட்ட வேண்டும். காலமும் தொகையும் அரசாணைக்கு அரசாணை மாறும். சீனியர் சொன்னதை நம்பாமல் அந்த வருஷத்து ப்ராஸ்பெக்டஸைப் படியுங்கள். என் கருத்து, பாண்டைத் தண்டனையாகப் பார்க்காதீர்கள். மாவட்ட மருத்துவமனை சீமாங் (மகப்பேறு, பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை) மையத்தில் கழிக்கும் காலம்தான் பலரையும் உண்மையில் ஓஜி டாக்டராக்குகிறது.

மூன்றாம் படி: காலேஜைத் தேர்ந்தெடுக்கும்போது

இதில்தான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். பெயருக்காகவும் ஊருக்காகவும் சேருகிறார்கள். பெயருக்குக் குறைவே இல்லாத ஊர் சென்னை. எழும்பூர் மருத்துவமனை 1844-இல் தொடங்கியது. திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியை 1885-இல் மேரி ஷார்லீப் தொடங்கினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-இல் சேர்ந்த முதல் பெண்களில் அவர் ஒருவர். ராயபுரத்தில் ஆர்எஸ்ஆர்எம் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. எல்லாம் பெருமைதான். ஆனால் நீங்கள் கேட்க வேண்டியது கட்டடத்தின் வயதை இல்லை.

அங்கே படிக்கிற மூன்றாம் வருஷ பிஜியைப் போனில் பிடியுங்கள். இதுவரை முதல் சர்ஜனாக எத்தனை செக்‌ஷன் செய்திருக்கிறார்? வஜைனல் ஹிஸ்டரெக்டமி (பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பையை அகற்றுவது) சொந்தக் கையால் செய்தாரா, ரிட்ராக்டர் பிடித்தாரா? குழந்தையை வெளியே எடுக்க உதவும் ஃபோர்செப்ஸ், வேக்கம் இரண்டும் போடத் தெரியுமா? பிரீச் (தலைக்குப் பதில் பின்புறம் முதலில் வரும்) பிரசவம் பார்த்திருக்கிறாரா? ஸ்கேன் புரோபைத் தொட விடுகிறார்களா, இல்லை ஸ்கேன் எல்லாம் ரேடியாலஜிக்குத்தானா? லேப்ராஸ்கோபி வாரத்தில் எத்தனை நாள்? ராத்திரி ட்யூட்டியில் ஏ.பி. (உதவிப் பேராசிரியர்) யாராவது வார்டிலேயே இருப்பாரா, போனில் மட்டும் இருப்பாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள். தனியாக விடப்பட்டு நிறையச் செய்வதற்கும், யாரோ பின்னால் நிற்க நிறையச் செய்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கை இரண்டிலும் வேகமாகும். முடிவெடுக்கும் புத்தி இரண்டாவதில்தான் வளரும்.

பெரிய அரசு மருத்துவமனையில் கேஸ் குவியும், பேச நேரம் இருக்காது. தனியார் மருத்துவமனை டிஎன்பியில் ஸ்கேன், லேப்ராஸ்கோபி, குழந்தையின்மை சிகிச்சை நன்றாகப் பார்க்கலாம், ஆனால் கன்சல்டன்ட்டின் சொந்த நோயாளியை பிஜி கையில் கொடுக்க மாட்டார்கள். நார்மல் டெலிவரி கைப்பழக்கத்துக்கு இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வு-5 கணக்கில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனையில் நடக்கின்றன. செக்‌ஷன் 44.9 சதவீதம். முதல் எண் நாம் கொண்டாட வேண்டியது. இரண்டாவது, கஷ்டமான சுகப்பிரசவத்தைக் கையாளத் தெரிந்த டாக்டர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பதற்கு அடையாளம் என்றுதான் நான் வாசிக்கிறேன். ஃபோர்செப்ஸ் சொல்லித்தரும் சீஃப் ஒருவர் இருக்கிற இடம் கிடைத்தால், ஊர் பிடிக்காவிட்டாலும் சேருங்கள்.

நான்காம் படி: அந்த மூன்று வருஷம்

முதல் ஆறு மாதம் நீங்கள் கற்க வேண்டியவை மிகக் குறைவு, ஆனால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எக்லாம்ப்சியாவில் (கர்ப்பகால வலிப்பு) மெக்னீசியம் சல்பேட்: 4 கிராம் நரம்பில் மெதுவாக, 5 கிராம் வீதம் இரண்டு பிட்டத்திலும். அடுத்த டோஸுக்கு முன் முழங்கால் அனிச்சை, மூச்சு, சிறுநீர் மூன்றும் பார்க்க வேண்டும். மாற்று மருந்தான கால்சியம் குளுகோனேட் டிராலியில் இருக்கிறதா என்று ட்யூட்டி ஏறியதும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கு, அதாவது பிபிஹெச், இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. தாய்மார்கள் இறப்பதற்கான முக்கியக் காரணங்களில் இது ஒன்று. கண்ணால் பார்த்து மதிப்பிட்டால் ரத்த இழப்பு எப்போதுமே குறைவாகத்தான் தெரியும். துணி உறிஞ்சிக்கொள்ளும், மேசைக்குக் கீழே வழிந்தது கணக்கில் வராது. அதனால்தான் அளவுக் கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் கீழே விரித்து அளக்கச் சொல்கிறார்கள். 2023-இல் வெளிவந்த இ-மோட்டிவ் ஆய்வில், இப்படி அளந்து சீக்கிரம் கண்டுபிடித்து, கர்ப்பப்பையைப் பிசைந்துவிடுவது, ஆக்சிடோசின், டிரனெக்ஸாமிக் ஆசிட், டிரிப், உள்பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒரே மூச்சில் செய்தபோது, கடுமையான ரத்தப்போக்கும் அது சார்ந்த விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. இருக்கிறதை உடனே செய்தார்கள். நீங்கள் வேலை பார்க்கும் லேபர் வார்டில் அந்த விரிப்பு இல்லையென்றால் கேளுங்கள். கிடைக்கிற வரை நனைந்த பேடுகளை எடை போட்டாவது பாருங்கள். காண்டம் டாம்பொனாட் (குழாயில் ஆணுறையை நூலால் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து நீர் நிரப்பி ரத்தத்தை நிறுத்துவது) கட்டுவதை ட்யூட்டி இல்லாத நாளில் ஒருமுறை செய்து பழகிக்கொள்ளுங்கள். அவசரத்தில் நூல் தேடுவது கொடுமை.

இரண்டாம் வருஷம் அறுவை சிகிச்சைக்கு. மூன்றாம் வருஷம் பரீட்சைக்கு என்பார்கள், ஆனால் கைனிக் ஓ.பி.க்கு என்று நான் சொல்வேன். நடுவில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் கட்டாயமாக இருக்க வேண்டும். மாவட்ட ரெசிடென்சி என்று பெயர். சிலர் அதைப் படிக்கிற விடுமுறையாக எடுத்துக்கொள்கிறார்கள். பாவம், ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் மட்டும் இருக்கிற இடத்தில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பார்க்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. தீசிஸை முதல் வருஷத்திலேயே, எளிய கேள்வியாகத் தேர்ந்தெடுங்கள். ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆராய்ச்சி முறை ஆன்லைன் கோர்ஸ் பிஜிக்களுக்குக் கட்டாயம். அதைத் தீசிஸ் தலைப்பு முடிவு செய்வதற்கு முன்பே படித்துவிட்டால் தலைவலி பாதி குறையும்.

தாய் மரணம் நடந்தால் தணிக்கை உண்டு. கேஸ் ஷீட் மாவட்ட ஆட்சியர் மட்டம் வரை போகும். முதன்முதலில் அந்த மேசை முன்னால் நிற்கும்போது கால் நடுங்கத்தான் செய்யும். ஆனால் 2018-20 கணக்கில் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. அந்த இடைவெளிக்கு இப்படி ஒவ்வொரு மரணத்தையும் விடாமல் கிளறிப் பார்த்ததும் ஒரு காரணம். நேரம் போட்டு எழுதுங்கள். எந்த மணிக்கு யாரிடம் சொன்னீர்கள், எந்த மணிக்கு ரத்தம் கேட்டீர்கள், எப்போது வந்தது. பிறகு திருத்தி எழுதாதீர்கள்.

ஐந்தாம் படி: சட்டம். மற்ற துறைக்காரர்களுக்கு இவ்வளவு இல்லை

எம்.எஸ். பாடத்தில் இது கொஞ்சமாகத்தான் வரும், வேலையில் தினமும் வரும்.

கருக்கலைப்புச் சட்டம் 1971-இல் வந்து 2021-இல் திருத்தப்பட்டது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். 20 முதல் 24 வாரம் வரை, விதிகளில் சொன்ன வகைப் பெண்களுக்கு மட்டும், இரண்டு டாக்டர்கள். அதற்கு மேல் கருவில் பெரிய குறைபாடு இருந்தால் மருத்துவக் குழு முடிவு செய்யும். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும்தான் தேவை. கணவர் கையெழுத்து சட்டத்தில் எங்கேயும் இல்லை. இருந்தும் பல இடங்களில் கேட்டு வாங்குகிறார்கள், அது அவர்களுடைய பயம். கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்று வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

18 வயது நிரம்பாத பெண் கர்ப்பமாக வந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும், கல்யாணம் ஆகியிருந்தாலும் சரி. அதே 2022 தீர்ப்பு, கருக்கலைப்புக்கு வரும் சிறுமியோ அவளுடைய பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால் தகவலில் அவளுடைய பெயர், அடையாளத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. இது தெரியாமல் "போலீசுக்குச் சொல்லணும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், அந்தப் பெண் நேராகப் போலி டாக்டரிடம்தான் போவாள்.

பாலினத் தேர்வு தடைச் சட்டம் 1994. ஸ்கேன் செய்கிற ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஃபாம் எஃப் என்ற பதிவுப் படிவம் நிரப்ப வேண்டும். அதில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டால் எழுத்துப் பிழை என்று தப்பிக்க முடியாது. ஓஜி மருத்துவர்களின் கூட்டமைப்பான ஃபாக்சி அப்படி வாதாடிப் பார்த்தது. 2019-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மாத அறிக்கை அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் போக வேண்டும்.

சம்மதப் படிவத்துக்கு சமீரா கோலி வழக்கைத் தேடிப் படியுங்கள், 2008. நோயறிய லேப்ராஸ்கோபி என்று சம்மதம் வாங்கி மயக்கம் கொடுத்துவிட்டு, வெளியே இருந்த தாயாரிடம் கேட்டு, கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்திருக்கலாம், மருத்துவ ரீதியாகச் சரியாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்து இல்லாதபோது, கண் விழித்ததும் அந்தப் பெண்ணிடமே கேட்டிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். எனவே படிவம் தமிழில் இருக்கட்டும். என்ன எடுக்கப்போகிறோம், உள்ளே போனபின் வேறு ஏதாவது தெரிந்தால் என்ன செய்ய அவர் சம்மதிக்கிறார் என்பதை அச்சடித்த வரியாக விடாமல் கையால் எழுதுங்கள்.

மருத்துவமனையில் அடிதடி வந்தால் 2008-ஆம் வருஷத் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தொழில்முறைக் காப்பீட்டை வேலையில் சேருகிற நாளிலேயே எடுங்கள்.

ஆறாம் படி: முதல் வேலை

பாஸானதும் செய்ய வேண்டியது, தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் கூடுதல் தகுதியைப் பதிவு செய்வது. அதற்குப் பிறகே போர்டில் எம்.எஸ். என்று எழுத வேண்டும்.

அரசு வேலைக்கு எம்.ஆர்.பி. வழியாகத் தேர்வு எழுத வேண்டும். கட்டாயத் தமிழ்த் தாளும் உண்டு. உதவி மருத்துவரின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. உள்ளே மூன்று இயக்குநரகங்கள்: பொது சுகாதாரம், மருத்துவ ஊரக நலப் பணிகள், மருத்துவக் கல்வி. ஆபரேஷன் தியேட்டர் வேண்டுமென்றால் இரண்டாவது, பாடம் நடத்த ஆசையென்றால் மூன்றாவது.

தனியார் மருத்துவமனையில் முதல் பேரம் சம்பளத்தைப் பற்றித்தான் நடக்கும். மாதச் சம்பளமா, கேஸுக்கு இவ்வளவா, இல்லை ஓ.பி.யில் பங்கா என்று கேட்பார்கள். அதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு. மயக்க மருந்து டாக்டர் ராத்திரி எங்கே இருப்பார், வர எவ்வளவு நேரம்? ரத்தம் அதே கட்டடத்திலா, அடுத்த ஊரிலா? பச்சிளங்குழந்தை ஐசியூ எவ்வளவு தூரம்? முடிவெடுத்து 30 நிமிஷத்தில் குழந்தையை வெளியே எடுக்க முடியாத இடத்தில், உங்கள் திறமை எவ்வளவு இருந்தாலும் பயன் பாதிதான். மாதம் இத்தனை செக்‌ஷன் என்று யாராவது கணக்குச் சொன்னால் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுங்கள்.

சிறு ஊர்களில் ஓடும் நர்சிங் ஹோம்களைப் பார்த்திருப்பீர்கள். மனைவி ஓஜி, கணவர் சர்ஜனோ குழந்தை மருத்துவரோ மயக்க மருந்து டாக்டரோ, மேல் மாடியில் வீடு. அந்த ஏற்பாட்டில் நிறைய நன்மை உண்டு, ராத்திரி மூன்று மணிக்குக் கார் ஓட்ட வேண்டாம். ஆனால் பத்து வருஷம் ஊரை விட்டு ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போக முடியாதவர்களை எனக்குத் தெரியும். தனியாகத் தொடங்குவதைவிட, இரண்டு மூன்று ஓஜிக்கள் சேர்ந்து நைட் முறை வைத்துக்கொள்வது நல்லது. ஓ.பி. பிரிந்துபோகும் என்ற பயத்தில் யாரும் செய்வதில்லை.

ஏழாம் படி: பிரசவம் மட்டும்தான் ஓஜியா?

இல்லை. அதற்கு வெளியேதான் ஆள் பற்றாக்குறை. பெண் புற்றுநோய்க்கு எம்சிஹெச் கைனிக் ஆன்காலஜி, மூன்று வருஷம், நீட் எஸ்எஸ் (சூப்பர் ஸ்பெஷாலிட்டி நுழைவுத் தேர்வு) வழியாக. குழந்தையின்மைக்கும் அதே போல சூப்பர் ஸ்பெஷாலிட்டி உண்டு, தேசிய வாரியத்தின் இரண்டு வருஷ ஃபெல்லோஷிப்பும் உண்டு. இந்தத் துறையில் காலடி வைப்பவர்கள் 2021-இல் வந்த இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டத்தையும் வாடகைத்தாய்ச் சட்டத்தையும் முதலில் படிக்க வேண்டும். பதிவு செய்யாத மையத்தில் வேலைக்குச் சேர்ந்துவிடாதீர்கள். கருவிலுள்ள சிசுவுக்கான மருத்துவத்தில் விருப்பமென்றால், லண்டனில் உள்ள ஃபீட்டல் மெடிசின் ஃபவுண்டேஷனின் 11-13 வார ஸ்கேன் சான்றிதழ் நல்ல தொடக்கம்.

என்னைக் கேட்டால், மாவட்டத் தலைநகரில் உட்காரப்போகும் ஒருவர் கால்போஸ்கோபியும் (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்ப்பது) லீப்பும் (மின்கம்பி வளையத்தால் பழுதான பகுதியை அகற்றுவது) கற்றுக்கொள்வதுதான் மிகப் பெரிய புத்திசாலித்தனம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருவதற்குப் பல வருஷம் முன்பே பிடிக்கக்கூடியது. அரசு மையங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்த்து "பாசிட்டிவ்" என்று அனுப்புகிறார்கள். அந்தப் பெண் அடுத்து எங்கே போவாள்? பயாப்சி எடுத்து, சிகிச்சையும் அதே வளாகத்தில் செய்யக்கூடிய டாக்டர் இருந்தால் அவள் தொலைந்து போகமாட்டாள். அடுத்தது, சிறுநீர்க் கசிவும் கர்ப்பப்பை இறக்கமும் பார்க்கும் யூரோகைனகாலஜி. அதற்கடுத்தது மாதவிடாய் நின்ற பிறகான நலம். பெரிய கருவியோ ராத்திரி ட்யூட்டியோ வேண்டாம். ஐம்பது வயதுப் பெண்ணை உட்காரவைத்து இருபது நிமிஷம் கேட்கும் கிளினிக் நம் ஊர்களில் எத்தனை இருக்கிறது?

வெளிநாடு போக நினைப்பவர்கள் லண்டன் ராயல் காலேஜின் எம்ஆர்சிஓஜி எழுதலாம். மூன்று பாகம். முதல் பாகத்தை எம்.பி.பி.எஸ். முடித்தவர்களே எழுதலாம், அடிப்படை அறிவியல் மறக்காமல் இருக்கிற பிஜி முதல் வருஷத்தில் எழுதிவிடுவது நல்லது.

உள்ளூர்ச் சங்கத்தில் உறுப்பினராகுங்கள். ஃபாக்சியே 1950-இல் மெட்ராஸில் பிறந்ததுதான். சென்னையில் தென்னிந்திய ஓஜி மருத்துவர் சங்கமான ஓஜிஎஸ்எஸ்ஐ இருக்கிறது. மாநாட்டுப் பையும் சாப்பாடும் ஒரு பக்கம் இருக்கட்டும், அங்கே நடக்கும் பயிற்சிப் பட்டறைகளுக்காகவும், நடுராத்திரியில் போன் போட்டுக் கேட்கக்கூடிய இரண்டு சீனியர்களைச் சம்பாதிப்பதற்காகவும் போங்கள்.

டாக்டர் ஆகாதவர்களுக்கு ஒரு வார்த்தை

நர்சிங் படித்தவர்களும் இதைப் படிக்கக்கூடும். 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்கள் மாறி மாறி ட்யூட்டி பார்த்துப் பிரசவம் பார்க்கும் முறைதான் தமிழ்நாட்டின் எண்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது. இப்போது 'நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃபரி' என்ற 18 மாதப் பயிற்சி இந்தியாவில் தொடங்கியிருக்கிறது. சிக்கலில்லாத பிரசவத்தை மிட்வைஃபே முழுப் பொறுப்பில் நடத்துவது இதன் நோக்கம். ஜிஎன்எம் அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்து, லேபர் வார்டு அனுபவமும் உள்ளவர்கள் சேரலாம். பயிற்சி முடிந்ததும் லேபர் வார்டில்தான் போடுவார்களா, இல்லை பழையபடி ஆண்கள் சர்ஜிக்கல் வார்டுக்கு மாற்றுவார்களா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.